சிவப்புத் துணி கட்டிய நாய்

நாயை உலாத்தக் கூட்டிப்போகும் தமிழச்சி அந்தத் தோட்டத்தில் நான் ஒருத்திதான். தொழிலாளர் லயத்துப் பெண்கள் என்னைக் ‘கறுப்பு மேம்’ என்றார்கள். முதுகுக்குப் பின்னால் என்றால் பரவாயில்லை, என் காதில் விழும்படியே சொன்னார்கள்.

நாய் எங்களுடையது அல்ல. மேனேஜர் துரையின் மனைவி சீமைக்குக் கப்பல் ஏறியபோது, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவரிடம் அதை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நல்ல கறுப்பு, ஆண் நாய். அதற்குத் தமிழ் தெரியாது. ‘கம்’ என்றால்தான் வரும். காலையில் ஒரு நடை போகாவிட்டால் வாசல் கதவைப் பிறாண்டி, ஊளையிட்டு, தெருவையே கூட்டிவிடும்.

பிறாண்டுவதற்கு அதற்குக் காரணம் இருந்தது. அது கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட காலம். தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி. காலை ஆறுக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடும் ஒரே கேட். வெளியே போகிற பெண்களை ஒருத்தி தடவிப் பார்ப்பாள். காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாதாம். நாய்க்கென்று ஒரு துண்டு ரொட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன் ஒருநாள். அதையும் பிடுங்கிக்கொண்டாள். “நாய் திங்கிறத கம்யூனிஸ்டு திங்க மாட்டானாக்கா?” என்று கேட்டாள். அவளை முறைத்துவிட்டுப் போனேன்.

கம்பிக்கு வெளியே கொஞ்ச தூரம் ரப்பர். அதைத் தாண்டினால் சர்க்கார் நிலம். இடுப்பளவு லாலாங் புல்லும் புதரும் ரயில் தண்டவாளம் வரை போகும். யார் வேண்டுமானாலும் நடக்கலாம். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பன்றியும் சுடலாம். புது ரப்பர்க் கன்றுகளைப் பன்றி தோண்டித் தள்ளியதால், ஞாயிறு காலைகளில் மட்டும் வேட்டைக்குப் போலீஸ் அனுமதி கொடுத்திருந்தது. பாதுகாப்புக்கென்று தோட்டம் கொடுத்த துப்பாக்கி என் கணவரிடம் இருந்தது. அவரும் இரண்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களும் போவார்கள்.

“ஞாயித்துக்கெழம மட்டும் அத கட்டிப் போடு புள்ள. கறுப்பு நாய், புல்லுக்குள்ள போனா பன்னின்னு எவனாச்சும் போட்டுருவான்,” என்று அவர் சொல்லியிருந்தார். நியாயமான பேச்சு. நானும் கட்டித்தான் போட்டேன். நாய் காலை முழுக்க ஊளையிடும். எனக்கு அடுப்பில் கை ஓடாது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். எங்கே போக வேண்டும் என்று கேட்டால் சொல்ல ஓர் இடம் கிடையாது. உள்ளே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் புலாவ் செபாங் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தண்டவாள வேலைக்காரர். பாதையில் கல் மாற்றும்போது சிவப்புக் கொடியை ஊன்றிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வார். அத்தனை பெரிய இஞ்சின் அந்த முழத் துணிக்கு முன்னால் பெருமூச்சு விட்டு நிற்கும். சிவப்பைப் பார்த்தால் ஆள் இருக்கிறான், நின்றுவிட வேண்டும். எங்கள் வீட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய சிவப்பு ரவிக்கையைக் கிழித்து, நாயின் கழுத்தில் நன்றாகத் தெரியும்படி கட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். கணவர் ஆற்றுப் பக்கம் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் தண்டவாளப் பக்கம் போனேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

அரை மைல் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு நின்று, மூக்கைத் தூக்கி, ஒரே இழுப்பில் கயிற்றை என் கையிலிருந்து உருவிக்கொண்டு புல்லுக்குள் பாய்ந்தது. பன்றி வாடை போலும். ‘கம், கம்’ என்று கத்தினேன். காட்டி அழைக்கக் கையில் ஒரு ரொட்டித் துண்டும் இல்லை. கறுப்பு உடம்பு புல்லுக்குள் மறைந்து, சிவப்புத் துணி மட்டும் விட்டு விட்டு மேலே தெரிந்தது. நல்லவேளை கட்டினோம் என்று அப்போதுகூட நினைத்தேன்.

வெடி கேட்டது.

“சுடாதீங்க! நாயி! நம்ம நாயி!” என்று கத்திக்கொண்டே புல்லுக்குள் ஓடினேன். புல் கையைக் கிழித்தது. எதிரே புல்லை விலக்கிக்கொண்டு, துப்பாக்கியோடு என் கணவர் வந்தார். பன்றி ஆற்றுப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அவர்கள் அதைத் தொடர்ந்திருக்கிறார்கள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“நீயா?” என்றார். “செவப்பா தெரிஞ்சிச்சு. தவழ்ந்து வர்றான், தொப்பி நட்சத்திரம்னு நெனச்சிட்டேன்.”

காட்டில் இருப்பவர்களின் தொப்பியில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆபீஸ் சுவரில் படமே ஒட்டியிருந்தது. ஆனால் என் தலையில் அப்பாவின் கொடிதான் இருந்தது.

“செவப்பப் பாத்தா நிப்பாங்கன்னு கட்டினேங்க,” என்றேன்.

அவர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். “நீ அது பின்னாலேயே நின்னிருந்தா?” என்று கேட்டார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். பின்னால் வந்த மலாய்க் கான்ஸ்டபிள் அவர் மடியிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் தோட்டாவைக் கழற்றினார். கான்ஸ்டபிளும் குறிபார்த்தாராம், முந்திச் சுடவில்லை, அவ்வளவுதான்.

நாய் பிழைத்துக்கொண்டது. வலது காதில் நான்கு ரவை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் இடுக்கியால் எடுத்துப்போட்டு, “கம்மல் மாட்டலாம் கிராணியம்மா, தொள ரெடி,” என்றார். யாரும் சிரிக்கவில்லை. கணவர் மறுநாளே துப்பாக்கியை ஆபீஸில் ஒப்படைத்தார். மலாக்காவுக்கு பஸ் ஏறிப் போய் மாட்டுக்குக் கட்டும் வெண்கல மணி ஒன்று வாங்கிவந்து நாயின் கழுத்தில் தன் கையாலேயே கட்டினார். “இனிமே தூரத்துலயே கேக்கும்லா. வேட்ட இல்லாத நாள்ல தாராளமா கூட்டிட்டுப் போ,” என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

காயம் ஆறிய பிறகு ஒரு புதன்கிழமை கூட்டிப்போனேன். கேட் வரை மணியை ஆட்டிக்கொண்டு வந்த நாய், கம்பியைத் தாண்டும் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ‘கம்’ என்றேன். இழுத்தேன். கெஞ்சினேன். நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு வெளியே போகும் ஆசை விட்டுப்போயிருந்தது.

மூன்றாம் நாள் அதைக் கேட்டருகே விட்டுவிட்டு, தடவிப் பார்க்கிறவளிடம் கையை விரித்துக்கொண்டு நின்றேன். ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த கணவர் பார்த்துவிட்டு சைக்கிளிலிருந்து இறங்கினார்.

“நாய்தான் வரலையே. நீ எங்க போற?”

இரண்டு வருஷமாக எல்லோரிடமும் நாய்க்காகத்தான் போகிறேன் என்று சொல்லிவந்தேன். அவரிடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

“நடக்கத்தான்,” என்றேன். “எனக்கு நடக்கணும்ங்க.”

அவர் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து நாயின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்து, என் கையில் கொடுத்தார்.