சித்தி ஜெயித்த சுற்று

பிரான்ஸ் தேசத்து மலைகளின் பெயர்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள், கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து, பிரான்ஸை டிவியில் மட்டுமே பார்த்திருந்த என் சித்தி. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில், எதிரெதிர் கட்டடங்களில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். சித்தப்பாவின் விசாவில் வந்த சித்திக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஆகவே எனக்கு எட்டு வயதான அந்தக் கோடையில், என்னை சம்மர் கேம்ப்பில் சேர்ப்பதற்குப் பதிலாகச் சித்தியிடம் சேர்த்துவிட்டார்கள்.

ஜூலை மாதக் காலைகளில் அந்தப் புகழ்பெற்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தயத்தைக் காட்டுவார்கள். முதலில் சூரியகாந்தி வயல்களுக்காகத்தான் பார்த்தோம். ஒரு வாரத்துக்குள், மலையேற்றம் வந்தால் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் சித்திக்குக் கேட்காது என்ற நிலை வந்துவிட்டது. சமவெளியில் பந்தயம் மந்தமாகப் போகும் நாட்களில் வர்ணனையாளர்கள் பழங்கதை பேசுவார்கள். சித்தி அதைக் கேட்டது போதாமல் நூலகத்திலிருந்து புத்தகங்களும் எடுத்து வந்தாள். மதியம் எனக்குத் தயிர்சாதம் பிசைந்துகொண்டே கதை சொல்வாள்.

ஆதியில் வீரர்கள் ராத்திரியிலும் ஓட்டினார்களாம். தாகம் எடுத்தால் வழியிலுள்ள கடைகளுக்குள் கூட்டமாகப் புகுந்து, அகப்பட்ட பாட்டில்களை அள்ளிக்கொண்டு போவார்களாம். ஒருவருக்கு மலையிறக்கத்தில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்துபோனது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே அடிவாரத்துக்கு வந்து, ஒரு கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி ஒட்டவைத்தார். யாரும் உதவக்கூடாது என்பது விதி. துருத்தி ஊத ஒரு பையன் கைகொடுத்தான் என்பதற்காக அவருக்கு அபராதமும் விதித்தார்கள். கர்ணனின் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்ததைச் சொல்லும் அதே குரலில் இதையும் சித்தி சொன்னதால், இரண்டும் ஒரே கதைதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கிருஷ்ணர் ஏன் பிரான்சுக்குப் போனார் என்பதுதான் புரியவில்லை.

சித்தப்பாவிடம் 'ரோட் பைக்' என்கிற நல்லதொரு பந்தய சைக்கிள் இருந்தது. உடம்பைக் குறைப்பதாகச் சபதம் செய்த ஒரு புத்தாண்டில் வாங்கியது. அதன்பின் பால்கனியில் துண்டு காயப்போடத்தான் பயன்பட்டது. ஒருநாள் சித்தி துண்டுகளை எடுத்து மடித்துவைத்துவிட்டு, "ஏனுங்க, இதை நான் ஓட்டட்டுங்களா?" என்று கேட்டாள்.

"அது ரோட் பைக் புள்ள. குனிஞ்சு ஓட்டோணும். விழுந்துருவ."

"பள்ளிக்கூடத்துக்கு ஆடி மாசத்து எதிர்க்காத்துல மிதிச்சவ நானு. எனக்குக் குனியத் தெரியாதுங்களா?"

அன்றிலிருந்து வாய்க்கால் ஓரத்துப் பாதையில் தினமும் ஓட்டினோம். சித்தி சுடிதாரில் முன்னால், நான் என் சின்ன சைக்கிளில் பின்னால். "எம்பொறகாலயே ஒட்டிட்டு வா கண்ணு, காத்து அடிக்காது" என்பாள். டிவியில் கற்ற வித்தை அது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருகிறவர் பாதி உழைப்பில் வந்துவிடலாம்.

ஆகஸ்டில் நூலகச் சுவரில் ஓர் அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து அலுவலக வளாகத்தைச் சுற்றி பெண்களுக்கான பந்தயம். புதியவர்களும் வரலாம். சித்தி அதை மூன்று தரம் படித்தாள். சித்தப்பா வேண்டாம் என்று இரண்டு நாள் சொன்னார், மூன்றாம் நாள் டயருக்குக் காற்று அடித்தார். பிரெஞ்சுப் பந்தயத்தில் முந்தி நிற்பவருக்கு மஞ்சள் சட்டை என்பதால் சித்தியும் மஞ்சள்தான் போட வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். வீட்டில் இருந்த ஒரே மஞ்சள், கோயில் கும்பாபிஷேகத்தில் தொண்டு செய்தவர்களுக்குக் கொடுத்த டி-ஷர்ட். முன்னால் கோபுரம், முதுகில் 'வாலண்டியர்'. பந்தயத்தன்று அங்கே யாரோ ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டுச் சித்தியிடம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று விசாரித்தாள்.

பந்தயம் தொடங்கியது. சித்தி பதறவில்லை. கூட்டத்தின் நடுவில் காற்றுப் படாமல் ஒளிந்துகொண்டாள். ஒவ்வொரு சுற்றிலும் எங்களைக் கடக்கும்போது அந்த மஞ்சள் மட்டும் பளிச்சென்று தெரியும். சித்தப்பா முதலில் கைகட்டி நின்றார். பிறகு காபிக் கோப்பையுடன் கயிற்றோரம் வந்தார். பிறகு, "லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல!" என்று கத்தத் தொடங்கினார்.

திடீரென்று மணி அடித்தது.

மணி என்றால் கடைசிச் சுற்று. டிவியில் அப்படித்தான். சித்தி இருக்கையிலிருந்து எழுந்து மிதித்தாள். கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். வளைவில் மறைந்து மறுபக்கம் வெளிப்பட்டபோது அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. "சித்தி, கோ! கோ!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். முடிவுக்கோட்டைத் தாண்டியதும், டிவியில் வீரர்கள் செய்வதுபோலவே, இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினாள். ஒருகணம் தள்ளாடிச் சமாளித்தாள். சித்தப்பாவின் காபி என் தலையில் கொட்டியது. எனக்குச் சுடவே இல்லை.

சித்தி எங்கள் எதிரே வந்து இறங்கி மூச்சு வாங்கச் சிரித்தாள். அப்போது மற்ற எல்லோரும் அவளைக் கடந்து வேகமாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் விளக்கினார்: அது இடைப்பரிசுக்கான மணி. அந்த ஒரு சுற்றில் முந்தியவருக்கு ஒரு பீச் பை, பழம் வைத்துச் சுட்டது. பந்தயம் முடிய இன்னும் சுற்றுகள் இருக்கின்றன.

"போதும் புள்ள, அதான் பிரைஸ் வாங்கிட்டீல்ல" என்றார் சித்தப்பா.

சித்தி தூரத்தில் சிறுத்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தாள். "இன்னும் முடியலீங்கறாங்கல்லங்க" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள்.

கூட்டத்திலிருந்து கழன்றுபோன ஒரு செம்பட்டை முடிக்காரி முன்னால் திணறிக்கொண்டிருந்தாள். சித்தி அவளை எட்டிப்பிடித்து, முந்தி, தன் பின்னால் வரும்படி கையைக் காட்டினாள். ஒரு சுற்று சித்தி காற்றைக் கிழிக்க, அடுத்த சுற்று அவள் கிழித்தாள். இருவருமாகத் துரத்தித் துரத்தி, நிஜமான கடைசி மணி அடித்தபோது கூட்டத்தின் வாலைப் பிடித்துவிட்டார்கள். முடிவில் மூன்று பேரை முந்தினாள் சித்தி. ஓரமாக நின்ற ஜனம் முழுக்கக் கைதட்டியது. செம்பட்டை முடிக்காரி சித்தியைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்லி அழுதாள். சித்தியும் தமிழில் ஏதோ பதில் சொன்னாள்.

பரிசு கொடுக்கும்போது ஒலிபெருக்கிக்காரர் சித்தியின் பெயரைப் படித்தார். அதை மூன்று துண்டாக உடைத்து, தப்பான துண்டில் அழுத்தம் கொடுத்து, அந்த வளாகம் முழுக்க ஒலிக்கச் சொன்னார். சித்தி பீச் பையை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. "ஒன் மோர் டைம், ப்ளீஸ்" என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி சொன்னார். முன்னைவிட மோசமாக. சித்திக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சித்தப்பாவுக்கு அவள் 'புள்ள', எனக்குச் சித்தி, வளாகத்து ஆன்ட்டிகளுக்கு இன்னாருடைய வொய்ஃப். அந்தப் பெயரை இந்த நாட்டில் யாராவது உரக்கச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. திருத்துவதற்காகத்தானே இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், பிறகு ஏன் திருத்தாமல் வந்தாள் என்று வீடு வரும்வரை அவள்மேல் கோபமாகவே இருந்தேன்.