எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

இன்று தவளக்குப்பம் கூட்டுரோட்டில் கரும்புச்சாறு வண்டியைக் கடந்தபோது அந்தப் பச்சை வாசனை என்னைச் சோரியாங்குப்பத்துக் கரும்புக் கொல்லைக்கு இழுத்துப் போய்விட்டது. கொல்லைக்கு நடுவே எல்லைக்கல். இந்தப் பக்கம் புதுச்சேரி, எங்கள் வீடு. அந்தப் பக்கம் தமிழ்நாடு, மாமா மகள் செல்வியின் வீடு. புதுச்சேரி விடுதலை நாளன்று எங்களுக்கு மட்டும் லீவு. தோகைகள் சரசரக்க, கரும்பைக் கடித்தபடி கல்மேல் உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடப் பையோடு வரப்பில் வருவாள் செல்வி.

“ஒங்களுக்கு மட்டும் இன்னாடி லீவு?”

“கல்லத் தாண்டி வந்துடுடி, ஒனக்கும் லீவுதான்.”

ஒரு வருஷம் தாண்டியே விட்டாள். அன்று சாயங்காலம் வரை எங்கள் வாயெல்லாம் கரும்பு.

செல்வி போன தையில் தவறிவிட்டாள். கொல்லை முழுக்க மனை போட்டுவிட்டார்கள், கல்லையும் காணோம். எங்கே நின்று அவளை ‘வந்துடுடி’ என்று கூப்பிடுவது?