பேயிடம் குறி கேட்ட அக்கா

காசு கொடுத்துப் பயந்திருக்கிறீர்களா? நான் பயந்தேன். போன ஞாயிறு மத்தியானம், கேளம்பாக்கம் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பேய் பங்களாவில். பொம்மைப் பேய்கள் இல்லை. மேக்கப் போட்ட நிஜ மனிதர்கள், இருட்டில் பிடரிக்குப் பின்னால் வந்து மூச்சு விடுவார்கள்.

அழைத்துப் போனவள் அக்கா மகள் ஹரிணி. முதல் வேலை கிடைத்ததற்கு ட்ரீட். அக்கா ட்ரீட்டுக்கு ஒத்துக்கொண்டாள். வேலைக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை... ஏனென்றால் வேலை புனேயில்.

என் அக்கா பீர்க்கன்கரணைவாசி. பெண் பக்கத்திலிருக்கும் தாம்பரம் தாண்டினாலே லொகேஷன் அனுப்பியாக வேண்டும். "தனியா அவ்ளோ தூரமா? முடியாதுன்னா முடியாது" என்று சொல்லிவிட்டாள். அத்தான் வழக்கம்போல, "உங்கம்மா சொன்னா சரி" என்று பேப்பருக்குள் போய்விட்டார். மறுநாள் திங்கட்கிழமை கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"மாமா, நீங்களாவது அம்மாகிட்ட பேசுங்களேன்" என்று க்யூவில் நிற்கும்போது ஹரிணி காதைக் கடித்தாள். அக்காவிடமா? நானா? அதற்குப் பேயே பரவாயில்லை என்று உள்ளே போய்விட்டேன்.

முதல் அறையில், கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கை நீண்டு என் காலைப் பிடித்தது. நான் போட்ட கூச்சலில் அந்தக் கையே பயந்து உள்ளே போய்விட்டது. அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "முருகா, முருகா" என்றபடியே வந்தாள்.

கடைசி அறை. சிவப்பு விளக்கு, உடுக்கைச் சத்தம். தலைவிரி கோலமாக ஒரு பெண், நெற்றி நிறையக் குங்குமம், கையில் வேப்பிலை. தலையைச் சுழற்றிக்கொண்டே எங்கள்மேல் பாய்ந்து வந்தாள். முன்னால் போன காலேஜ் பசங்க அலறியடித்து ஓடினார்கள். நானும் ஓடியிருப்பேன், சட்டை அக்காவின் பிடியில் இருந்தது.

திடீரென்று பிடி தளர்ந்தது. திரும்பினால்... அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.

யோசித்துப் பாருங்கள். வருஷா வருஷம் ஆடி மாசம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது யாருக்காவது அருள் வரும். இதே கோலம், இதே வேப்பிலை. முன்னால் போய் நின்று குறி கேட்பவள் என் அக்கா. அவளை வேப்பிலை காட்டிப் பயமுறுத்த முடியுமா?

கைகூப்பினாள். "தாயே, பொண்ணு புனேக்கு வேலைக்குப் போறேன்றா. அனுப்பலாமா?"

பேய் நின்றுவிட்டது. ட்ரெயினிங்கில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், பாவம்.

"இன்னாது?" என்றது, சாதாரணக் குரலில்.

அக்கா மறுபடி கேட்டாள். பேய் என்னைப் பார்த்தது. ஹரிணியைப் பார்த்தது. ஹரிணியும் கைகூப்பி நின்றாள், கண்ணில் தண்ணீரோடு. அது அம்மனுக்கான கும்பிடு இல்லை என்பது பேய்க்குப் புரிந்திருக்க வேண்டும். சுதாரித்துக்கொண்டு உறுமியது.

"தங்க எடம் கீதா?"

"லேடீஸ் ஹாஸ்டல் தாயே."

"சோறு?"

"மூணு வேளையும் போடுறாங்களாம் தாயே."

"அப்புறம் இன்னா? அனுப்பு." ஹரிணி தலையில் வேப்பிலையால் ஒரு தட்டு.

"உத்தரவு தாயே" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள் அக்கா.

வெளியே வந்ததும் ஹரிணி அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில், டிக்கெட் கவுன்ட்டர்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஹரிணி போன் பேச ஓரமாகப் போனபோது அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, அது சம்பளத்துக்கு நடிக்கிற பொண்ணு. அருளெல்லாம் இல்ல. தெரியுமா, தெரியாதா?"

லெமன் சோடாவை ஒரு இழுப்பு இழுத்தாள். "தெரியாம என்னடா? கையில ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தாளே."

"பின்ன எதுக்குக் கேட்ட?"

"முடியாதுன்னு சொன்னதிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லடா. ஆனா நானே முடியாதுன்னு சொல்லிட்டு நானே போன்னு சொன்னா, அப்புறம் வீட்ல என் பேச்சை எவன் மதிப்பான்?"

ஆகவே, 'முடியாது' என்று சொல்லிவிட்ட அம்மாக்களோடு வாதாடாதீர்கள். அவர்கள் மனசு எப்போதோ மாறியிருக்கும். பழி போட ஒரு சாமிதான் தேவை... அவசரத்துக்குப் பேய்கூடப் போதும்.