இன்ஸ்பெக்டர் ஆட்டிடம் என்ன கேட்டார்?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூசணிக்காய் வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி கரீம் பாய் நின்றிருந்தார். கடிகாரம் பழுது பார்ப்பவர் அவர்; வியாபார நேரத்தில் கடையை விட்டு நகராதவர்.

“மாஸ்டர், நம்ம டைம் கீப்பர் போயிட்டாருபா” என்றார்.

அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். எங்கள் மன்றத்துக்காரர்களுக்கு அது ஒரு வியாதி. யார் எதைச் சொன்னாலும் கடைசி வரியில் சிரிப்பு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். கரீம் பாய் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சபாபதி அவர்களைக் காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. எந்த வண்டி எப்போது புறப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் டைம் கீப்பர். காக்கிச் சட்டை, கக்கத்தில் ஒரு குடை, “எடு வண்டிய!” என்று கோபுரம் வரை கேட்கும் குரல். டிரைவர்கள் அவரைக் கண்டால் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஓடுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நகைச்சுவை மன்றத்தை நடத்தினார் என்று சொன்னால் பஸ் நிலையத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில் தொடங்கிய மன்றம் அது. அழுவதற்கு ஆயிரம் காரணம் இருந்ததால், சிரிக்க ஓர் இடம் வேண்டும் என்றார். அமாவாசையன்று ஊரில் தறி ஓடாது. அன்று மாலை வாசகசாலை மாடியில் கூடுவோம். நெசவு செய்பவர்கள், கடைக்காரர்கள், என்னைப் போன்ற வாத்தியார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். நின்று பேசிச் சிரிக்க வைக்க வேண்டும். பிறகு அதே ஆள் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருடைய விமரிசனத்தையும் வாய் திறக்காமல் கேட்க வேண்டும். “அமாவாசையில சிரிக்கிற கூட்டம்” என்று என் மாமியார் வீட்டில் எங்களுக்குப் பட்டம் கட்டியிருந்தார்கள்.

முதல் முறை நான் எங்கள் தலைமை ஆசிரியரைப் போல நடித்துக் காட்டினேன். மாடி அதிர்ந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். சபாபதி அவர்கள் எழுந்தார்.

“மாஸ்டர், மூக்குப்பொடி போடற எடத்துல நல்லா சிரிச்சேன். ஆனா, உங்க ஹெட்மாஸ்டரத் தெரியாதவன் ஒருத்தன் இங்க உக்காந்துக்கினு இருந்தா அவன் எதுக்குச் சிரிப்பான்? இன்னொண்ணு. ஜனங்க ஏறிக்கினு இருக்கறப்பவே வண்டிய எடுத்துடறீங்க. சிரிக்கிறவன் சிரிச்சு முடிக்கட்டும்பா. அப்புறம் ரைட் குடுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் மனைவியிடம், பஸ் விடுகிறவனுக்கு நகைச்சுவை என்ன தெரியும் என்று பொரிந்து தள்ளினேன். அடுத்த அமாவாசைக்கு அவர் சொன்னபடியே நிறுத்திப் பேசினேன். இந்த ஊரில் நான் வாங்கிய சிரிப்பெல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான்.

ஒருமுறை கரீம் பாயின் ஐந்து நிமிடம் படுத்தே விட்டது. புதிதாக வந்த ஒருவர், “பாய், நீங்க போயி கடிகாரத்தையே பாருங்க” என்றார். சபாபதி அவர்களின் முகம் பஸ் நிலையத்து முகமாக மாறியது. அன்றே ஒரு விதி போட்டார். விமரிசனம் செய்பவர், தான் சிரித்த இடத்தை முதலில் சொல்ல வேண்டும். எங்கேயுமே சிரிக்கவில்லை என்றால் பேசியவருக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும். “அஞ்சு நிமிஷம் நம்மளுக்கோசரம் வேர்த்து நின்னவரு. வெறுங்கையோட அனுப்பக் கூடாதுபா” என்றார். கரீம் பாய் அன்று குடித்த டீயின் அளவை இன்றும் சொல்லிப் பெருமைப்படுவார்.

எல்லோருடைய வண்டியையும் நேரத்துக்குக் கிளப்பிய அவரால் தன் வண்டியை மட்டும் ஊர் சேர்க்க முடியவில்லை. தை அமாவாசை எங்கள் ஆண்டு விழா. ஆண்டுதோறும் அன்று ஒரே கதையைச் சொல்ல எழுந்திருப்பார். ஒரு கிழவர் ஆட்டோடு திருமுக்கூடல் பஸ்ஸில் ஏற வருகிறார். கண்டக்டர் மறிக்கிறார்.

“ஆட்ட ஏத்த முடியாது பெரியவரே.”

“டிக்கெட் குடு, வாங்கிக்கறேன்.”

“ஆட்டுக்கு டிக்கெட்டே கெடையாதுய்யா.”

“அப்ப சும்மாவே ஏறலாம். ஏறுடா கண்ணு.”

வழக்கு டைம் கீப்பரிடம் வருகிறது. அவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆடு அவர் கையிலிருந்த டிரிப் ஷீட்டைத் தின்றுவிடுகிறது. அது இல்லாமல் வண்டி நகரக் கூடாது. ஷீட்டோ ஆட்டின் வயிற்றில் இருக்கிறது. வேறு வழியில்லாமல் ஆட்டை மரியாதையாக ஜன்னலோரம் உட்காரவைத்து வண்டி கிளம்புகிறது. ஐயம்பேட்டையில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி, “எங்கய்யா டிரிப் ஷீட்டு?” என்கிறார். கண்டக்டர் பேசாமல் ஆட்டைக் காட்டுகிறார். இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆட்டின் பக்கம் குனிந்து…

அங்கே சபாபதி அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வாயால் ஒரு சொல் வராது. ஐந்து நிமிடம் முடிந்துபோகும். நாங்களும் சிரிப்போம்தான். ஆனால் ஓர் ஆண்டு நான் விதிப்படி எழுந்து உள்ளதைச் சொன்னேன்: “அண்ணே, நான் உங்களப் பாத்துத்தான் சிரிச்சேன். கதைக்கு இல்ல.” விதிப்படி அவரும் பதில் பேசவில்லை, கண்ணைத் துடைத்தபடி தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையில் அவருக்கு ஈடாக வேறொருவரை நான் கண்டதில்லை.

சென்ற மார்கழியில் நெஞ்சு வலியென்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பார்க்கப் போனேன்.

“இந்தத் தைக்கு முடிச்சுட்டு எறங்கிடுவேன் மாஸ்டர். ஒரு தடவ சிரிக்காம முடிச்சுட்டா போதும். வேற ஆச ஒண்ணும் இல்ல” என்றார்.

“முடிவ எனக்கு மட்டும் சொல்லுங்களேண்ணே.”

“எறங்க வேண்டிய எடத்துல எறக்குவேன். நடு வழியில எறக்க மாட்டேன்பா.”

தை பிறந்தது. அமாவாசை வருமுன் அவர் போய்விட்டார்.

அந்த அமாவாசையன்று மாடியில் இரங்கல் கூட்டம். அவருடைய துணைவியார் விசாலாட்சி அம்மாள் தம் தம்பியுடன் வந்திருந்தார்கள். கருமாதி முடிந்த கையோடு வெளியே போவதா என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்களாம். நாங்கள் புகழுரைகளைத் தொடங்குமுன் அந்த அம்மாள் எழுந்து, “அவரு அஞ்சு நிமிஷத்த நான் பேசலாங்களா?” என்று கேட்டார்கள்.

ஆட்டுக் கதையைச் சொன்னார்கள். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. ரேஷன் கடையில் நடந்ததைச் சொல்வது போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி ஆட்டின் பக்கம் குனிந்ததும் நிறுத்திவிட்டார்கள். எங்கிருந்து வந்ததோ, மாடியே வெடித்துச் சிரித்தது. சிரிப்பெல்லாம் அடங்கும்வரை காத்திருந்து, “இதுக்கு மேல எனக்கும் தெரியாதுங்க. ஊட்லயும் இந்த எடத்துலதான் சிரிச்சுடுவாரு” என்றார்கள். மறுபடி சிரித்தோம். அதில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தோம்.

கரீம் பாய் நாற்காலியைத் தூக்கி வந்து நடுவில் போட்டார். யாரும் உட்காரவில்லை. விதிப்படி ஒவ்வொருவரும் எழுந்து, தாங்கள் சிரித்த இடத்தை அந்த நாற்காலியிடம் சொன்னார்கள். என் முறை வந்தபோது எழுந்து, நாற்காலியைத் தொட்டுவிட்டு என் இடத்துக்கே திரும்பிவிட்டேன். அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அண்ணே, கண்ணாடியைத் துடைத்த இடத்தில் சிரித்தேன். நீங்கள் எப்போதும் சிரிக்கும் அதே இடம். இந்த முறை உங்களைப் பார்த்துச் சிரிக்க நீங்கள் அங்கே இல்லை. கதைக்குத்தான் சிரித்தேன். போய் வாருங்கள்.