நீலத்துக்குள் ஒரு காணி

போன வியாழக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குள் ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றேகாலுக்கு அதைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

எங்கள் ஊருக்குப் புதிய அபிவிருத்தித் திட்டம் வரைந்திருக்கிறார்கள். எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று நிறம் தீட்டிய வரைபடம் பிரதேச சபை மண்டபத்தில் தொங்கியது. மஞ்சள் என்றால் குடியிருப்பு. நீலம் என்றால் வெள்ளம் வடியும் வழி, கட்டடம் கூடாது. ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் கொடுக்கலாம். அந்த வியாழன்தான் கடைசி நாள்.

என் தங்கச்சி ரிஸ்னாவின் காணி நீலத்துக்குள் இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடில்லாமல் கலியாணமில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல்... நடுவில் இடம் முடிந்து எத்தனையோ காலம். ஆகவே வயலோரத்தில் வாங்கி, கிரவல் மண் போட்டு நிரப்பி, அத்திவாரம் போடுவது. வாப்பாவும் அதைத்தான் செய்தார். பெருநாள் கழிந்ததும் கலியாணம். வீடு இன்னும் அத்திவாரத்தில் நிற்கிறது.

நான் நில அளவைப் படம் வரைபவள். எதையும் இலக்கம் போட்டு யோசிப்பது தொழில் தந்த பழக்கம். கடிதத்தை நான்தான் டைப் செய்தேன். ஐந்து காரணங்கள், வரைபடம், காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி. வாப்பா கையொப்பம் வைத்தார். இருவருமாகக் கொண்டு போனோம்.

வரிசையில் நின்ற ஒரே பெண் நான். மேசையில் இருந்த பெண் உத்தியோகத்தர் உறுதியைப் புரட்டினார்.

"காணி ஆருட பேரில ஐயா?"

"மகள்ட பேரில. இவட தங்கச்சி."

"அப்ப அவதானே ஒப்பம் வைக்கணும்." பின்னால் நின்றவரைப் பார்த்தார். "உங்கட?"

"பொஞ்சாதிட."

"அதுக்குப் பின்னால நிக்கிறவர்?"

"ரெண்டு மகளுக்கும் எழுதிக் குடுத்திட்டன் மிஸ்."

"அப்ப இஞ்ச நிக்கிற ஒருத்தருக்கும் காணி இல்லையா?"

"நாங்க காவக்காரர்தான் மிஸ்" என்றார் ஒரு மீன் வியாபாரி. வரிசை சிரித்தது. வாப்பா சிரிக்கவில்லை.

ஆட்சேபனை அறிவித்தலை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் வாசித்தார்கள். கேட்டவர்கள் ஆண்கள். உறுதிகளில் இருப்பதோ பெண்களின் பெயர்கள். சரி, உறுதியைப் பிரதி எடுத்தவள் நான். எனக்கு ஏன் உறைக்கவில்லை?

ஓட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினோம்.

"ஒப்பம் வை மகள், நேரமில்ல" என்றார் வாப்பா.

"வாசிச்சுப் போட்டு வைக்கிறன் வாப்பா."

வாசித்தாள். நிதானமாக. எனக்கோ கடிகாரத்தின் மேலேயே கண். மூன்றாம் காரணத்தில் அவளது விரல் நின்றது: 'இக்காணியில் ஒருபோதும் வெள்ளம் நின்றதில்லை.'

"ராத்தா, இத ஆரு எழுதின?"

"நான்தான்."

"கிரவல் போட முந்தி மழைக்குள்ள போய்ப் பார்த்தமே... முழங்கால் மட்டும் தண்ணி. உங்கட செருப்புக் கூட மிதந்து போனது."

"அதெல்லாம் ஆரு பார்த்த?" என்றார் வாப்பா.

"நான் பார்த்த வாப்பா. அந்த ஊட்டுக்குள்ள இருக்கப் போறதும் நான்தான்."

மூன்றாவதைப் பேனையால் வெட்டினாள். மேலே எழுதினாள்: 'மழைக்குத் தண்ணீர் வரும். வடக்கு ஓரத்தில் வடிச்சல் வாய்க்காலுக்கு இடம் விடுகிறேன். மிகுதியில் வீடு கட்ட அனுமதி தாருங்கள்.'

"நீயாக் காணியப் பிச்சிக் குடுக்கிறாய்."

"தண்ணி கேக்காமலே எடுக்கும் வாப்பா."

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கொடுத்தோம். உத்தியோகத்தர் வெட்டிய வரியையும் வாசித்தார், அதற்கு மேலிருந்ததையும் வாசித்தார். முத்திரை குத்தினார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த முத்திரையைத்தான் ஒரு வாரமாகப் படித்துக் கொண்டிருக்கிறேன். உண்மையை எழுதிக் காணியைக் கெடுத்துக் கொண்டோமா? அனுமதி வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது? வந்துவிட்டால்... அந்த வாய்க்கால் போதுமா?

நம்மிடம் கருத்துக் கேட்பதே அபூர்வம். கேட்டால் முதலில் நாம் எழுதுவது ஏன் ஒரு பொய்யாக இருக்கிறது? வரைபடத்தின் நீலத்தை வாசிக்கத் தெரிந்த நானே அதை எழுதினேனே. பயம்தான், வேறென்ன.

இதை எழுதும்போது வெளியே நல்ல மழை. வாப்பா இரண்டு தடவை குடையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். ரிஸ்னா காணியைப் பார்க்கப் போயிருக்கிறாள் — செருப்பை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு.