சைரன் விழிக்கும் முன்

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் கம்சலா. கம்ப்யூட்டர் படித்து, பதுளையில் மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டி செய்யும் சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். அவள் பிறந்த லயத்துக்கு மேலேயும் ஒரு பெட்டி நின்றது. நிலம் அசைந்தால் அது சைரனை அலறவிடும்.

அதில் ஒரு குறையை அவள் கண்டிருந்தாள். அணைந்து மறுபடி இயங்கத் தொடங்கினால், பெட்டி தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகத்தான் எழுப்பும். ஒன்று பதில் தராமல் அடுத்ததைத் தொடாது. செலவைக் குறைக்கக் கமராவைக் கழற்றியவர்கள், அதை எழுப்பும் டிரைவர் என்ற மென்பொருளை அப்படியே விட்டிருந்தார்கள். இல்லாத கமராவைச் சில நிமிடம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்த பிறகே பெட்டி நில அசைவைப் பார்க்கப் போகும். சைரன் எல்லாவற்றுக்கும் கடைசி.

"சேர், அசைவு பாக்குறதையும் சைரனையும் மொதல்ல எழுப்பிருவோம். மத்ததெல்லாம் பொறகு மெதுவா எந்திரிக்கட்டும்," என்றாள் மேலாளரிடம்.

மேலாளர் கஜரூபன் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் அல்ல. "ஓடிக்கொண்டிருக்கிறதை இப்ப குழப்ப வேண்டாம் பிள்ளை. மழைக்காலம் முடியட்டும், பாப்பம்."

மழை முடியவில்லை. வெயில் காணாத சோலார் பற்றரி இறங்கிப்போய், ஒரு பின்னேரம் பெட்டி அணைந்தது. சற்றுக் கழித்து மறுபடி எழத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து லயத்தில் கம்சலாவின் அத்தை தனலெட்சுமி காதைத் தீட்டினாள்.

"மேல என்னமோ உருளுற சத்தம் கேக்குதுடா. கோயில் பக்கம் போயிருவமா?"

கம்சலாவின் தம்பி ஜெயகுமார் வெளியே வந்து பார்த்தான். பெட்டியில் மின்சாரம் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது.

"பெட்டி கத்தலயே அத்த. அக்கா செஞ்சதுதானே. நனையாம உள்ள இருங்க."

சொல்லிவிட்டு, கீழே கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கப் போனான். அதனால் பிழைத்தான்.

மண் லயத்தை மூடிய பிறகுதான் சைரன் அலறியது. தோண்ட வந்தவர்களில் ஒருவர் கம்பியை அறுக்கும்வரை அது ஓயவில்லை.

அத்தையை அடக்கம் செய்த வாரமே கம்சலா வேலைக்குப் போனாள். கமரா டிரைவரை நீக்கினாள். அசைவையும் சைரனையும் முன்னுக்குக் கொண்டுவந்தாள். பெட்டி இப்போது கண் இமைப்பதற்குள் காவலுக்கு நின்றது. அவ்வளவு சின்ன வேலை. கஜரூபன் பின்னால் நின்று பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய்விட்டார்.

லயத்தை இழந்து பாடசாலையில் தங்கியிருந்த சனங்களைப் பார்க்கப் போனபோது, ஜெயகுமார் அவளை முற்றத்திலேயே மறித்தான்.

"இத மழைக்கு முன்னாடியே செஞ்சிருக்க முடியாதாக்கா?"

"முடியும்டா."

"நான் பெட்டிய நம்பி அத்தைய உள்ள இருக்கச் சொன்னேன்."

அவன் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அடுத்த கிழமை கொழும்புக்குப் போனவன், அவளுடைய தொலைபேசி அழைப்புக்கு இன்றுவரை பதில் சொல்வதில்லை. நமுனுகுலயிலும் கொஸ்லந்தவிலும் மிச்சமிருந்த பெட்டிகளை மாற்ற, கம்சலா மழையிலேயே ஏறி இறங்கினாள்.