மலர் அக்கா பிரித்த நட்சத்திரங்கள்

உயிருள்ள நட்சத்திர மீனை உள்ளங்கையில் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. ஈர மணல் ஒட்டிய குளிர்ச்சி மட்டும்தான். கொஞ்சம் பொறுத்தால் அதன் அடியிலிருந்து மெல்லிய நுனிகள் ஒவ்வொன்றாக நீண்டு கையைத் தடவத் தொடங்கும். அந்தக் கூச்சம் தாங்காமல் நான் கத்திக்கொண்டு கையை உதறுவேன், மலர் அக்கா தலையில் குட்டுவாள். இப்போதும் சில நாள் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது என் உள்ளங்கையில் ஏதோ ஊர்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

நாங்கள் பனித்திட்டு மீனவக் குப்பத்துக்காரர்கள். மார்கழியில் எங்கள் வலைகளில் நட்சத்திர மீன்கள் நிறைய ஏறும். வலையைக் கரையில் உதறி, விலைபோகிற மீனையெல்லாம் பெண்கள் கூடையில் அள்ளிய பிறகு, எதற்கும் ஆகாதது மணலில் குவியலாகக் கிடக்கும். பெரியவர்கள் அதைக் "கழிசல்" என்பார்கள். எங்களுக்கோ அதுதான் பொக்கிஷம். என்னைவிட இரண்டு வயது மூத்தவளான மலர் அக்காவும், அக்காவின் வயதும் உயரமும் உள்ள, அடுத்த வீட்டுத் தனம் அத்தையின் மகள் ரேவதியும், வால்போல நானும் அந்தக் குவியலைக் கிளறி நட்சத்திரங்களைப் பொறுக்கி, மணலில் வரிசை வரிசையாக அடுக்குவோம்.

அடுக்குவதில்தான் சண்டை வரும். நான் செம்மண் நிறத்ததை ஒரு பக்கமும் சாம்பல் நிறத்ததை ஒரு பக்கமும் அழகாக வைப்பேன். அக்கா வந்து காலால் அத்தனையையும் கலைப்பாள். "கலரப் பாக்காதடி லூசு. காஞ்சா எல்லாம் ஒரே கலருதான். ஓரத்தப் பாரு" என்பாள். விளிம்பு முழுக்க முள் நீட்டிக்கொண்டிருப்பதற்கு அவள் வைத்த பெயர் "சீப்பு". கட்டம் கட்டமாகத் தட்டு பதித்து, தட்டினால் டக்கென்று சத்தம் கேட்பது "பிஸ்கோத்து". ஐந்துக்கும் மேல் கைகள் இருந்து, தூக்கினால் ஒன்றிரண்டு கழன்று விழுவது "பல்லி". இந்த மூன்றில் எதிலும் அடங்காதது வந்தால் ரேவதியின் மடியில் போட்டுவிடுவாள். ரேவதி அதிகம் பேசாதவள். பெயரில்லாதவற்றை எல்லாம் அவள்தான் கடலில் திரும்ப விட்டு வருவாள்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருடத் தீபாவளிக்கும் எங்கள் வரிசை வீடுகளில் ஒரே துணிதான். பாகூரிலிருந்து துணி மூட்டையோடு வருகிறவரைப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, ஒரே பீஸை எடுத்து, அளவு பார்த்து வெட்டி எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் தைத்துவிடுவார்கள். விலையும் குறையும், "அவளுக்கு மட்டும் நல்லது" என்று பிள்ளைகள் அழவும் வழியிருக்காது. மயில் கழுத்து நீலத்தில் மஞ்சள் பொட்டு வைத்த பாவாடை. தெருவில் நாங்கள் நடந்தால் பள்ளிச் சீருடை போல இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம்கூடப் பிடித்தமில்லை.

மார்கழியில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா என்னை மட்டும் பாகூரில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஊருக்குப் போகிறோமே என்று நான் அந்தப் பாவாடையைக் கட்டினேன். அதைப் பார்த்து வீம்புக்கு அக்காவும் தன்னுடையதைக் கட்டிக்கொண்டாள். அக்காவைப் பார்த்து ரேவதியும் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தாள். "போற வழியில பராக்கு பாக்காம போடி" என்று அக்கா எனக்குச் சொன்னதுதான் கடைசி. இருவரும் கழிசலைக் கிளறப் போனார்கள். நாங்கள் பெரியம்மா வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தபோது கடல் ஊருக்குள் வந்தது.

சில நாட்களுக்குப் பிறகு அடையாளம் காட்ட எங்களை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அம்மா வந்தாள், தனம் அத்தை வந்தாள், விட்டுவர இடமில்லாததால் நானும். வீடு போய்விட்டதால் என் உடம்பில் அன்றும் அதே பாவாடைதான். உள்ளே ஒரு பெண் பிள்ளை கிடந்தது. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பார்த்தும் பயனில்லை என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. துணி மட்டும் வெளியே தெரிந்தது, நீலத்தில் மஞ்சள் பொட்டு. அங்கே வேலை செய்தவர் நல்ல மனிதர்தான், "பாப்பா, கிட்ட வா" என்று என்னை இழுத்து, என் பாவாடை ஓரத்தைப் பிடித்து அந்தத் துணியோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். "அதே துணிதாம்மா" என்றார்.

அம்மா "எம்புள்ள" என்று கீழே விழுந்தாள்.

தனம் அத்தை அழவில்லை. என் பாவாடையைப் பார்த்தாள், கீழே கிடந்ததைப் பார்த்தாள், மறுபடியும் என் பாவாடையைப் பார்த்தாள். அவள் வீட்டிலும் அதே பீஸில் வெட்டிய துணி. பிறகு குனிந்து அம்மாவின் தோளைத் தொட்டு, "உன்னுதுதான் அண்ணி. கூட்டிம்போ" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். ரேவதி கடைசிவரை கிடைக்கவில்லை.

ஊருக்கு மேற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிப் புதைத்தோம். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அம்மாவும் நானும் மல்லிகைப் பூ எடுத்துக்கொண்டு போவோம். எவ்வளவு சீக்கிரம் போனாலும் எங்களுக்கு முன்பே யாரோ அங்கே கனகாம்பரம் வைத்திருப்பார்கள். மலர் அக்காவுக்குக் கனகாம்பரம் ஆகாது, தலை வலிக்கும் என்பாள். ரேவதிக்குத்தான் அது உயிர். அம்மா அந்தப் பூவை ஒதுக்காமல் பக்கத்தில் மல்லிகையை வைப்பாள். எனக்கு அந்த மண்மேட்டைப் பார்க்கவே பயமாக இருக்கும். உள்ளே இருப்பவளைக் கூப்பிட வேண்டுமென்றால் எந்தப் பெயரைச் சொல்வது?

எப்படியோ விலங்கியல் படித்தேன். இன்று ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நட்சத்திர மீன்களை இனம் பிரிப்பதுதான் என் வேலை. கைகளை எண்ண வேண்டும், விளிம்புத் தட்டுகளைப் பார்க்க வேண்டும், முள் எங்கே முளைக்கிறது, உள்ளங்கையைத் தடவுமே அந்த அடிக்கால்களின் நுனி கூர்மையா தட்டையா என்று பார்க்க வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது, பதப்படுத்த ஆல்கஹாலில் போட்டால் வெளுத்துவிடும் என்று வகுப்பில் முதல்முறை சொன்னபோது என்னால் உட்கார முடியவில்லை. இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். ஓர் இனத்துக்கு முதலில் பெயர் வைக்கும்போது ஒரு மாதிரியைப் பத்திரப்படுத்தி வைப்பார்கள். பின்னால் சந்தேகம் வந்தால் அதனோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். அன்று அந்த அறையில் நான்தான் அந்த மாதிரி. என்னை வைத்துத்தான் முடிவு சொன்னார்கள், அதுவும் நிறத்தைப் பார்த்து.

போன மார்கழியில் அந்த நாளுக்கு முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தேன். தனம் அத்தை ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். கிருமாம்பாக்கத்தில் மீன் விற்றுவிட்டு வருகிற வழி. கவருக்குள் ஒரு நட்சத்திரம், வலையில் நசுங்கி ஓரமெல்லாம் சிதைந்திருந்தது.

"இது இன்னாடி, சீப்பா பிஸ்கோத்தா?"

"தெரியல அத்த. ஓரம் போயிடுச்சி."

அத்தை கவரின் வாயை முடிந்து என்னிடம் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "எலும்ப வெச்சி யாரு புள்ளன்னு சொல்லிடலாமாமே, டிவில சொன்னான். நெசமா?"

அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. இத்தனை வருடமாக நானே கேட்கத் துணியாத கேள்வி அது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "சொல்லலாம் அத்த. பெரும்பாலும் சொல்லிடலாம்" என்றேன்.

அம்மா திரும்பாமலே கேட்டாள்: "தோண்டிப் பாத்து என்னுதுன்னு வந்துட்டா, நீ பூவ எங்க கொண்டும்போயி வெப்ப தனம்?"

அத்தை சட்டென்று, "உன்னுது இல்லன்னு வந்துட்டா நீ எங்க அண்ணி போவ?" என்றாள்.

அம்மா மீதி மீனை அரிந்தாள். நான் எழுந்து கரைக்குப் போனேன். நாங்கள் நட்சத்திரங்களை அடுக்கிய மணல் இப்போது இல்லை. கடல் தின்றது போக மிச்சத்தில் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். கழிசலையும் கோழித் தீவனத்துக்கென்று லாரியில் அள்ளிப்போகிறார்கள், குவியலே கிடையாது. நசுங்கிய அந்த நட்சத்திரத்தைப் பிறகு ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து புட்டியில் போட்டேன். நுண்ணோக்கியில் வைத்தால் அடிக்காலைப் பார்த்தாவது இன்னதென்று கண்டுபிடித்துவிடுவேன். இன்னும் வைக்கவில்லை.

அன்று கரையிலிருந்து நான் வீடு திரும்பியபோது அம்மாவும் அத்தையும் வாசலில் ஒரே முறத்துக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். முறத்தில் மல்லிகையும் கனகாம்பரமும் கலந்து கிடந்தன. அத்தை எடுத்துக் கொடுக்க, அம்மா ஒரே நாரில் கட்டிக்கொண்டிருந்தாள்.